தாடி ஏன் கறுக்கிறது?

அரை நிமிடம்கூட ஓடாத அந்த வீடியோக்களுக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. கண்ணாடித் தொட்டிக்குள் மணல் நிறத்தில் ஒரு பல்லி அசையாமல் நிற்கிறது. முக்கோணத் தலை, தாடையைச் சுற்றி வரிசையாக முட்கள். திடீரென்று ஒரு முன்னங்காலைத் தூக்கி, மெதுவாக வட்டமாகச் சுழற்றிக் கீழே வைக்கிறது. சற்று நேரம் கழித்து மறுபடியும் அதே அசைவு. வெளியே நிற்பவர் சிரித்தபடி பதிலுக்குக் கையை ஆட்டுகிறார். ‘எங்க செல்லம் ஹாய் சொல்லுது!’ என்று தலைப்பு. கீழே இதயக்குறிகள் குவிகின்றன.

அந்தப் பல்லி உண்மையில் சொல்வது வேறு. ‘நீ பெரியவன். உன்னோடு எனக்குச் சண்டை வேண்டாம். என்னை விட்டுவிடு.’

‘பியர்டட் டிராகன்’ என்ற பெயரில் உலகச் சந்தையில் விற்கப்படும் இந்தப் பிராணியைத் தாடி ஓணான் என்று அழைப்பதே பொருத்தம். நம்மூர் வேலி ஓணானும் அதுவும் ‘அகாமிடே’ என்ற ஒரே குடும்பத்துப் பிறப்புகள். அறிவியல் பெயர் போகோனா விட்டிசெப்ஸ். சொந்த ஊர், ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து நடுப்பகுதிவரை விரிந்துகிடக்கும் வறண்ட உள்நாடு. வளர்ந்த ஓணான் வால் நுனிவரை 40 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்தாண்டுகள் வாழும். ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வணிகத்துக்காக வெளிநாடுகளுக்கு அனுப்புவதை 1960களிலேயே தடுத்துவிட்டது. ஆகவே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்று வீடு வீடாக வளர்பவை, அதற்குப் பின்னர் திருட்டுத்தனமாக வெளியேறிய சிலவற்றின் வாரிசுகள் என்றே கருதப்படுகிறது. பல தலைமுறைகள் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்தும், பாலைவனத்தில் பேசிய உடல்மொழியை அவை மறக்கவில்லை.

காட்டில் இந்த ஓணானுக்குப் பிடித்த இடம் உயரமான ஒரு மேடை. பட்டுப்போன மரக்கிளையோ, சாலையோர வேலிக்கம்பமோ, பாறையோ எதுவானாலும் சரி. அங்கிருந்து பார்த்தால் வெயிலும் கிடைக்கும், இரையும் கண்ணில் படும், எதிராளி வருவதும் தெரியும். தன் மேட்டை நோக்கி இன்னொரு ஆண் வந்தால், மேட்டுக்காரன் தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டத் தொடங்குவான். சில நேரம் முன்னுடம்பே சேர்ந்து ஏறி இறங்கும். எளியவனுக்கு அப்போது இரண்டே வழி. பதிலுக்குத் தலையாட்டினால் சண்டை. கையைத் தூக்கிச் சுழற்றினால் சமாதானம்.

இந்தக் கையசைப்பைப் பணிவின் அடையாளமாக அறிவியல் ஏட்டில் பதிந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க விலங்கியலாளர் பேயார்ட் பிராட்ஸ்ட்ரோம். கிழக்கு ஆஸ்திரேலியாவின் தாடி ஓணான்களைக் கவனித்து அவர் எழுதிய கட்டுரை 1971இல் வெளியானது. பெரியவற்றைக் கண்டதும் குஞ்சுகள் அடிக்கடி கையசைக்கும். பெண்களும் ஆண்களுக்கு முன்னால் அசைக்கும். உருவத்தில் பெரியது சின்னதைக் கடித்துக் குதறாமல் இருக்க இந்த ஒரு சைகை போதும். உயிருக்குச் சேதமில்லாமல் தகராறை முடித்துக்கொள்ளும் அருமையான ஏற்பாடு இது.

தொட்டிக்குள் ஒற்றையாக வாழும் ஓணான் யாருக்குப் பணிகிறது? பெரும்பாலும் எதிரில் குனிந்து நிற்கும் மனிதருக்குத்தான். கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்துக்கும் அது பணிவதுண்டு. எப்போதாவது ஒருமுறை அசைத்தால் கவலை வேண்டாம். நாள் முழுக்கக் கை ஓயவில்லை என்றால் எதையோ கண்டு அது அஞ்சிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். எதிர்த் தொட்டியில் இன்னொரு ஓணான் தெரிகிறதா, வீட்டு நாயோ பூனையோ கண்ணாடிக்கு அருகே வந்து உட்காருகிறதா என்று சுற்றிலும் பார்ப்பதுதான் முதல் வேலை.

தலையாட்டலையும் இதேபோலத் தப்பாகப் படித்த அனுபவம் நமக்கு உண்டு. வேலியில் உட்கார்ந்து தலையாட்டும் ஓணான் தங்களைத்தான் கேலி செய்கிறது என்று நினைத்துக் கல்லெறிந்த சிறுவர்கள் எத்தனை பேர்! சுருக்குப் போட்டுப் பிடித்தவர்கள் எத்தனை பேர்! அந்த ஓணான் தன் எல்லையைப் பக்கத்து ஆணுக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. கீழே நின்ற சிறுவன் அந்தப் பேச்சுக்குள்ளேயே இல்லை. தென்னிந்தியப் பாறைகளில் வாழும் மற்றோர் அகாமா இனத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். அதன் ஆண், பெண்ணை அழைக்கும்போது ஒருவகை நிறம் கொள்கிறது. இன்னோர் ஆணை மிரட்டும்போது வேறுவகை நிறம் கொள்கிறது. ஓணான் குடும்பமே உடம்பால் பேசும் குடும்பம்.

அந்தப் பேச்சின் உச்சம் தாடிதான். தொண்டைக்கு அடியிலுள்ள நாவடி எலும்புகளை விறைத்துத் தோலை முன்னோக்கித் தள்ளினால், முட்கள் சிலிர்த்துத் தாடி விரிகிறது. கூடவே வாய் பிளக்கும், உடம்பு தட்டையாகும். பக்கவாட்டில் எதிராளியை நோக்கிச் சாய்ந்து, இருப்பதைவிடப் பெரிய உருவம்போலக் காட்டும். தாடி சில நிமிடங்களுக்குள் கரி பூசியதுபோல் கறுத்துவிடும். எதிராளி ஆணாக இருந்தால் அது மிரட்டல். எதிரில் பெண் இருந்தால் அதே கறுப்பு இனச்சேர்க்கைக்கான அழைப்பு. அப்போது ஆணின் தலையாட்டல் வெகு வேகமாக இருக்கும். பெண் மெதுவாகத் தலையசைத்தோ கையசைத்தோ பதில் தரும்.

தாடி கறுக்கும்போது முதுகும் ஏன் சேர்ந்து கறுப்பதில்லை? மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கேத்லீன் ஸ்மித், தேவி ஸ்டுவர்ட்-ஃபாக்ஸ் முதலியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தந்தது. முதுகின் நிறம் முதன்மையாக வெப்பத்தைப் பொறுத்தது. குளிரில் கறுத்துச் சூட்டை உறிஞ்சும். சூடேறியதும் வெளுத்து வெயிலைத் திருப்பியனுப்பும். தாடியும் மார்பும் மாறுவது மற்ற ஓணான்களைச் சந்திக்கும்போதுதான். ஒரே உடம்பில் முதுகு சூரியனோடும் தாடி சொந்தபந்தத்தோடும் பேசுகின்றன.

ஓணான் வளர்ப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள ஆய்வு வேறில்லை. காலையில் விளக்குப் போட்டதும் ஓணான் முதுகு இருண்டு கிடந்தால் அது வெயில் காய்கிறது, அவ்வளவுதான். பகல் முழுக்க விளக்கடியில் கிடந்தும் முதுகு இருண்டேயிருந்தால் தொட்டியில் சூடு போதவில்லை. முதுகு வெளுத்திருக்க, தாடி மட்டும் கறுத்தால் அதை ஏதோ ஒன்று சீண்டுகிறது. பக்கத்தில் யாருமே இல்லாமல் நாள்கணக்கில் தாடி கறுத்தபடி, இரை எடுக்காமல், சோர்ந்து ஒரு மூலையில் முடங்கிக் கிடந்தால் வலியாக இருக்கலாம். அப்போது மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. காலையில் எழுந்ததும் தாடியை ஒருமுறை விரித்துச் சுருக்குவது மட்டும் சோம்பல் முறிப்பது போன்ற சாதாரணச் செயல். கறுப்பு ஏறாவிட்டால் பயமில்லை.

தாடி கறுத்துத் தலையாட்டுவது ஆண்தான் என்று முடிவுகட்டுவதும் அவசரம். பெண்களும் சில வேளைகளில் இரண்டையும் செய்கின்றன. இதில் வியப்பான ஒரு கிளைக்கதை உண்டு. கான்பெரா பல்கலைக்கழகத்தின் கிளேர் ஹாலலி குழுவினர் 2015இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை உலகக் கவனத்தைப் பெற்றது. முட்டைகள் ஏறத்தாழ 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால், மரபணுப்படி ஆணாக வேண்டிய குஞ்சு பெண்ணாகப் பொரிகிறது. இது ஆய்வுக்கூடத்தில் மட்டும் நடப்பதில்லை, ஆஸ்திரேலியக் காட்டிலும் நடக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். அப்படி மாறிய பெண்கள் முட்டையிடும், குஞ்சும் பொரிக்கும். அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில், இந்தப் பெண்களின் துணிச்சலும் சுறுசுறுப்பும் ஆணின் குணத்தையே ஒத்திருந்தன என்று தெரிந்தது. முட்டைக்குள் இருந்தபோது பட்ட சூடு, வளர்ந்த பிறகும் நடத்தையில் தெரிகிறது.

சூடுதான் இந்தப் பிராணியின் வாழ்க்கையையே நடத்துகிறது. செரிமானம், சுறுசுறுப்பு, நோயெதிர்ப்பு எல்லாம் உடல்வெப்பத்தை நம்பியவை. அதனால்தான் அதன் அசைவுகளில் பாதி, வெயிலோடு நடத்தும் பேரம். விளக்குக்கு அடியில் உடம்பைத் தோசைபோலப் பரப்பிப் படுத்தால் வெப்பம் ஏற்றுகிறது. அதே இடத்தில் வாயைப் பாதி திறந்து அசையாமல் இருந்தால் போதுமான சூடு ஏறிவிட்டது, தலையை ஆற்றிக்கொள்கிறது. முதன்முதலாக வளர்ப்பவர்கள் இந்தத் திறந்த வாயைக் கண்டு கோபம் என்றோ மூச்சுத்திணறல் என்றோ பதறிப்போகிறார்கள். விளக்கைவிட்டு விலகிக் குளிர்ந்த மூலைக்குப் போன பிறகும் வாய் மூடவில்லையா, மூச்சில் கறகற சத்தம் கேட்கிறதா, வாயோரம் சளி தெரிகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் நுரையீரல் தொற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

தொட்டியின் ஒரு முனையில் வெயில் காயும் இடம் 38 முதல் 42 டிகிரி வரையும், மறுமுனை 25 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஓணான் தானாக நடந்து தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும். சின்னத் தொட்டியில் இந்த வித்தியாசத்தை உண்டாக்க முடியாது. எங்கே போனாலும் ஒரே சூடு. பெட் ஷாப்பில் ‘இது போதும் சார்’ என்று விற்கப்படும் மீன் தொட்டிகளில் நடக்கும் கொடுமை இதுதான்.

அடுத்த பெரிய தவறான வாசிப்பு, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுப்பது. இரண்டு ஓணான்களை ஒரே தொட்டியில் விட்டால், பெரியது சின்னதன் முதுகில் ஏறி விளக்கடியில் சுகமாகக் கண்மூடும். ‘கட்டிப்பிடித்துத் தூங்குகின்றன’ என்று படமெடுத்துப் போடுகிறார்கள். உண்மையில் மேலே உள்ளது வெளிச்சத்தை அபகரித்துக்கொண்டிருக்கிறது. கீழே உள்ளதற்கு வெப்பமும் இல்லை, புறஊதாக் கதிரும் இல்லை. இரையிலும் முதல் பங்கு பெரியதற்கே. சில மாதங்களில் ஒன்று கொழுத்தும் மற்றது இளைத்தும் நிற்கும். சண்டை முற்றினால் கால்விரலும் வால் நுனியும் போகும். வீட்டுப்பல்லிபோல அறுந்த வால் இதற்கு மீண்டும் வளராது. துணை வேண்டுமே என்று இரக்கப்பட்டு இரண்டாவது ஓணானை வாங்குபவர், முதல் ஓணானுக்கு ஆயுள்கால எதிரியை வாங்கிக் கொடுக்கிறார். ஒரு தொட்டிக்கு ஓர் ஓணான் என்பதில் சமரசமே கூடாது.

கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டு, பின்னங்காலில் எழுந்து, முகத்தைத் தேய்த்தபடி இங்குமங்கும் ஓடுவதையும் விளையாட்டு என்று எண்ணுகிறார்கள். ஓணானின் மூளைக்குக் கண்ணாடி என்ற ஒன்று புரிவதில்லை. கண்ணுக்கு வழி தெரிகிறது, உடம்புக்குத் தட்டுகிறது. இடம் போதாமை, அதிகச் சூடு, கண்ணாடியில் தெரியும் பிம்பம், பசி என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். விடாமல் தேய்த்ததில் மூக்கு நுனி புண்ணாகிப்போனவையும் உண்டு. மூன்று பக்கக் கண்ணாடிகளையும் வெளிப்புறமாகத் தாள் ஒட்டி மறைத்தாலே பல ஓணான்கள் அடங்கிவிடுகின்றன. பெண் ஓணான் கண்ணாடியை விட்டுவிட்டுத் தரையைத் தோண்டத் தொடங்கினால் அது வேறு சேதி. முட்டையிட இடம் தேடுகிறது. ஆணையே பார்க்காத பெண்ணும் கருவற்ற முட்டைகளை இடும். ஈரமணல் ஆழமாக நிரப்பிய பெட்டி ஒன்றை உடனே வைக்காவிட்டால் முட்டைகள் வயிற்றிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, பயமும் சூடும் எல்லைச்சண்டையும் மட்டுமே தெரிந்த மந்தப் பிராணி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஊர்வனவற்றுக்கு அறிவு குறைவு என்ற பழைய எண்ணத்தை உடைத்ததில் தாடி ஓணானுக்குப் பெரும் பங்கு உண்டு. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் அன்னா வில்கின்சன், ஹங்கேரிய ஆய்வாளர் அன்னா கிஸ் முதலியோர் 12 ஓணான்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பலகையில் ஒரு துளை, அதை மூடியபடி பக்கவாட்டில் நகரும் கம்பிவலைக் கதவு, அதற்குப் பின்னால் புழு. பழக்கப்படுத்திய ஓர் ஓணான் தலையால் கதவைத் தள்ளித் திறந்து புழுவைத் தின்பதை ஒரு குழு பார்த்தது. மற்றொரு குழு பார்த்தபோது கதவு தானாகவே நகர்ந்தது. முதல் குழுவில் இருந்த அத்தனை ஓணான்களும் அதேபோல் தலையால் தள்ளிக் கதவைத் திறந்தன. இரண்டாவது குழுவில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. மற்றொன்றின் செயலைப் பார்த்து அப்படியே செய்யும் திறமை ஊர்வனவற்றுக்கும் உண்டு என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று.

அதன் தூக்கமும் நாம் நினைத்ததைவிட ஆழமானது. ஃபிராங்க்ஃபர்ட் மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தில் ஜில் லோரான் குழுவினர், தூங்கும் தாடி ஓணான்களின் மூளை மின்னலைகளை அளந்து 2016இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். ஆழ்ந்த உறக்கமும், மூடிய இமைக்குள் விழி துடிக்கும் உறக்கமும் மனிதரைப் போலவே மாறி மாறி வந்தன. மனிதருக்கு ஒரு சுற்று முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். இதற்கு ஏறத்தாழ 80 விநாடிதான். ஓர் இரவில் சுமார் 350 சுற்றுகள்! படம் பிடிக்க நடுராத்திரி விளக்கைப் போட்டு எழுப்புபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நாள் குறைந்து குளிர் தொடங்கும் பருவத்தில் பல ஓணான்கள் இரையைக் குறைத்து, இருட்டு மூலைக்குப் போய் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் உறங்கும். எடை அவ்வளவாகக் குறையாது. தூக்கினால் கண் திறக்கும், கைகால் இறுகும். இது குளிர்காலச் சோம்பல், நோயல்ல. ஒரு வயது ஆகாத குஞ்சு இப்படிக் கிடந்தாலோ, எடை வேகமாகச் சரிந்தாலோ, கண் குழிந்தாலோ அதைச் சோம்பல் என்று விட்டுவிடக் கூடாது. விரல்களும் கால்களும் நடுங்குவது, தாடை ரப்பர்போல் வளைவது, நடக்கும்போது வயிறு தரையில் இழுபடுவது ஆகியவை எலும்புச் சிதைவின் அறிகுறிகள். கால்சியமும் புறஊதா-பி கதிரும் போதாததால் வருவது அது. புறஊதா விளக்கு பார்வைக்கு எரிந்துகொண்டே இருக்கும், கதிரின் வலு மட்டும் மாதங்கள் போகப்போகக் குறையும். வெளிச்சம் வருகிறதே என்று ஏமாந்து போகிறவர்களே அதிகம். தலையை அண்ணாந்தபடி வானத்தை வெறிப்பதுபோல் திருகிக்கொண்டால் நரம்புப் பாதிப்பு. இந்த இனத்தில் பரவும் அடினோவைரஸ் அதற்கு ஒரு காரணம்.

சட்டை உரிக்கும் நாள்களில் நிறம் மங்கும், இரை பிடிக்காது, கண் திடீரென்று பிதுங்கும். முதல்முறை பார்ப்பவர் அலறியே விடுவார். கண்ணைச் சுற்றிய பழைய தோலைத் தளர்த்த அது செய்யும் உத்தி அது. சில விநாடிகளில் பழையபடி ஆகிவிடும். உரியாத தோலைப் பிய்த்து இழுக்காமல் வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் விட்டாலே போதும்.

தொடுவது எப்படி? ஓணானின் உச்சந்தலையில், ஒரு செதிலுக்கு அடியில், சின்னப் புள்ளிபோல மூன்றாவது கண் ஒன்று உண்டு. அதற்கு உருவம் தெரியாது, ஒளியும் நிழலும் தெரியும். காட்டில் மேலிருந்து விழும் நிழல் என்றால் பருந்து. அதனால் தலைக்கு மேலிருந்து கையை நீட்டினால், எவ்வளவு பழகிய ஓணானும் அந்த நிழலுக்கு அஞ்சித் தரையோடு தட்டையாக ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டிலிருந்து, அதன் கண்ணில் படும்படி மெதுவாகக் கையைக் கொண்டுபோய், வயிற்றையும் நான்கு கால்களையும் தாங்கித் தூக்க வேண்டும். தடவும்போது கண்ணை மூடிக்கொள்வதை எல்லாரும் சுகம் என்கிறார்கள். உடம்பு தளர்ந்து, மூச்சு சீராக, தாடி வெளுத்திருந்தால் சரி. உடம்பை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினால் அது தப்ப வழியில்லாமல் பொறுத்துக்கொள்கிறது. கையை எடுத்துவிடுங்கள். நாக்கால் விரலைத் தொட்டுப் பார்ப்பது நல்ல அறிகுறி, மணத்தால் உங்களை விசாரிக்கிறது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். இவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். தாடி ஓணான்களிலிருந்து மனிதருக்குப் பரவிய தொற்றுகளை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒருமுறைக்கு மேல் பதிவு செய்திருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இந்தப் பிராணி வேண்டாம்.

ஊர்வன வளர்க்கும் மோகம் நம் நகரங்களுக்கும் வந்துவிட்டது. சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் வெளிநாட்டு ஊர்வன மூச்சுமுட்டக் கிடந்து பிடிபடும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. அப்படி வந்த ஒன்றை மலிவு என்று வாங்குவது அந்தக் கடத்தலுக்குக் கூலி கொடுப்பதாகும். முறையான ரசீதும், எங்கே பிறந்தது என்ற விவரமும் தராத கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். அவை கிடைத்தாலும் உடனே பணத்தை எடுக்க வேண்டாம். நாய், பூனை, மாடு பார்க்கும் மருத்துவர்கள் எல்லாருக்கும் ஓணான் பார்க்கத் தெரியாது. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இல்லை என்று பதில் வந்தால், தாடி ஓணானை வாங்காதீர்கள்.